வெப்பம் அறியும் பருத்தி

வீடு திரும்பும் நோயாளிகளின் உறவினர் கேட்கும் ஐயங்களில் மருந்தும் உணவும் முதலிடம் பெறும். அவற்றை அடுத்து, அண்மைக் காலமாக, உடையும் படுக்கை விரிப்பும் பற்றிய கேள்விகள் எழுகின்றன. சூடு கூடினால் தானே குளிர்ந்தும், குளிர் கூடினால் தானே கதகதப்பாகியும் உடலுக்கு இதமளிக்கும் துணி என்னும் விளம்பரத்தைக் கண்டவர்கள், படுக்கையில் இருக்கும் தந்தைக்கோ, மாதவிடாய் நிற்கும் பருவத்தில் திடீர் வியர்வையால் துன்புறும் தாய்க்கோ அதனை வாங்கலாமா என்று வினவுகின்றனர். விலையோ சாதாரணப் பருத்தி விரிப்பைக் காட்டிலும் மிக அதிகம். இக்கேள்விக்கு 'வாங்கலாம்', 'வேண்டா' என்று ஒரு சொல்லில் விடை கூறுவதைவிட, அத்துணி எவ்வாறு செய்யப்படுகின்றது, எவ்வளவு வெப்பத்தை அதனால் கையாள இயலும் என்று கணக்கிட்டுக் காட்டுவதே பயன் தரும். கணக்கு எளியது; பள்ளியில் படித்த பெருக்கலும் வகுத்தலும் போதும்.

ஓய்வாகப் படுத்திருக்கும் வளர்ந்த ஒருவரின் உடல் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 80 முதல் 100 ஜூல் வரை வெப்பத்தை உண்டாக்குகின்றது. பழைய குண்டு பல்பு ஒன்று எரியும்போது வெளிவிடும் வெப்பத்திற்கு இது நிகர். உடலின் உட்பகுதி 37 டிகிரி செல்சியஸ் அளவில் நிலைத்திருக்க வேண்டுமாயின், உண்டாகும் வெப்பம் முழுவதும் தோலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். தோலின் வெப்பநிலை சுமார் 33 அல்லது 34 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் வெப்பம் எளிதாக வெளியேறும். காற்றே 35 டிகிரியைத் தொட்டுவிட்டால் அவ்வழி அடைபடும். அதன்பின் உடலுக்கு எஞ்சியிருக்கும் வழி வியர்வை ஆவியாதல் ஒன்றே. சென்னையிலும் மதுரையிலும் சித்திரை, வைகாசி நண்பகல்களில் நிகழ்வது இதுதான். ஆகவே, எந்தத் துணியைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டியது, அது இவ்வழிகளில் எதைத் திறக்கின்றது, எதை அடைக்கின்றது என்பதே.

மெழுகு ஒளிந்திருக்கும் நூல்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைச் சாய்த்தால் எண்ணெய் வராது. உறைந்து வெண்மையாக இருக்கும். வெயிலில் சற்று வைத்தால் உருகும். அவ்வாறு உருகும்போது அது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். ஆயினும் முழுதும் உருகி முடியும்வரை அதன் சூடு பெரிதாக ஏறாது. வாங்கிய வெப்பம் உருகும் வேலைக்கே செலவாகிவிடுகின்றது. இதனை உள்ளுறை வெப்பம் என்று பாடநூல்கள் கூறும். மீண்டும் உறையும்போது அதே வெப்பம் வெளியே வரும்.

கடைகளில் விற்கப்படும் வெப்பமறியும் துணிகளிற் பெரும்பாலானவை இந்த ஒரு கொள்கையின் மீதே நிற்கின்றன. தேங்காய் எண்ணெய்க்குப் பதிலாக ஆக்டாடெக்கேன் போன்ற மெழுகு வகை பயன்படுத்தப்படுகின்றது. அது உருகும் நிலை 28 டிகிரி. ஒரு கிராம் உருக ஏறத்தாழ 240 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும் என்பதோடு ஒப்பிட்டால், இம்மெழுகு வெப்பத்தை ஒளித்து வைக்கும் திறன் புலப்படும்.

மெழுகை நேராகத் துணியில் பூசினால் உருகியவுடன் ஒழுகிவிடும். எனவே அதனை நீரில் விரைவாகக் கலக்கி மிகச் சிறு துளிகளாக உடைத்து, ஒவ்வொரு துளியைச் சுற்றியும் மெல்லிய பிளாஸ்டிக் ஓடு உருவாகுமாறு செய்கின்றனர். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ இருக்கும் இந்த நுண்ணுறைக்குள் மெழுகு உருகலாம், உறையலாம், வெளியே வராது. இந்நுண்ணுறைகளைப் பசைப்பொருளுடன் நீரில் கலந்து, பருத்தித் துணியை அக்கலவையில் முக்கி, இரு உருளைகளுக்கிடையே பிழிந்து, உலர்த்தி, பின்னர் 100 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் சிறிது நேரம் வைத்துப் பதப்படுத்துகின்றனர். சாயத் தொழிலில் பழகிய அதே உருளைகளே இங்கும் பயன்படுகின்றன. புதுமை கலவையில் மட்டுமே. இந்த நுட்பத்திற்கான தொடக்க ஆய்வுகள் 1980-களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் உதவியுடன் நடந்தன. விண்வெளி வீரர்களின் கையுறைகள் கடுஞ்சூட்டுக்கும் கடுங்குளிருக்கும் இடையே மாறி மாறிச் செல்ல வேண்டியிருந்ததே அதற்குக் காரணம்.

இனிக் கணக்கு. ஒரு பருத்திச் சட்டையின் எடை 200 கிராம் என்றும், அதில் 40 கிராம் நுண்ணுறை ஏற்றப்பட்டுள்ளது என்றும் கொள்வோம். ஓட்டின் எடையையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கிராம் நுண்ணுறை சுமார் 150 ஜூல் வெப்பத்தை ஏற்கும். 40-ஐ 150-ஆல் பெருக்க, 6,000 ஜூல். உடல் நொடிக்கு 100 ஜூல் வெப்பத்தை வெளிவிடுகின்றது. ஆக, உடலின் வெப்பம் முழுவதையும் அச்சட்டையே வாங்குவதானால், அது தாங்கும் நேரம் 60 நொடி.

இவ்வாறு கூறுவது சற்றுக் கடுமை என்று துணி செய்வோர் மறுப்பர். அம்மறுப்பில் நியாயமும் உண்டு. பெரும்பகுதி வெப்பம் வழக்கமான வழிகளில் வெளியேறிக்கொண்டிருக்க, மிகுதியாக எழும் சிறு பகுதியை மட்டுமே மெழுகு ஏற்கும். அம்மிகுதி நொடிக்கு 10 ஜூல் எனில் 10 நிமிடம் தாங்கும். குளிரூட்டிய அறையில் உறங்கும் பெண்மணிக்குச் சில நிமிடம் மட்டும் நீடிக்கும் வெப்ப அலை எழுந்து அடங்குமாயின், அந்த இடைவெளியை மெழுகு ஓரளவு நிரப்பக்கூடும். அலை தணிந்தபின் அறையின் குளிரில் மெழுகு மீண்டும் உறைந்து அடுத்த அலைக்கு ஆயத்தமாகும். இப்பயன் உண்மையானது, அதனை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் மீண்டும் உறைய வேண்டும் என்பதில்தான் நம் ஊரின் இடர் இருக்கின்றது. கோடையில் மின்விசிறி மட்டும் சுழலும் அறையின் வெப்பநிலை 33 அல்லது 35 டிகிரியாக இருக்கும். 28 டிகிரியில் உருகும் மெழுகு அவ்வறையில் இரவும் பகலும் உருகியே கிடக்கும். உருகியபின் அதற்கு வேலை இல்லை. விலை மிகுந்த அவ்விரிப்பு அப்போது எடை கூடிய ஒரு விரிப்பு மட்டுமே. குளிரூட்டி இல்லாத வீட்டில் 28 டிகிரி மெழுகுத் துணிக்குப் பணம் செலவிட வேண்டா என்று நாங்கள் கூறுவதற்கு இதுவே காரணம்.

மற்றொரு கணக்கும் உண்டு; இதுவே இக்கட்டுரையின் முதன்மையான செய்தி. தோலின் மீதுள்ள ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கின்றது. மேற்கண்ட சட்டையின் மெழுகு முழுவதும் ஏற்கும் 6,000 ஜூல் வெப்பத்தை 2.5 கிராம் வியர்வை எடுத்துச் சென்றுவிடும். அதாவது அரைத் தேக்கரண்டி. மண்பானை நீரைக் குளிர வைக்கும் அதே வித்தை. மெழுகைப் போல இது தீர்ந்துபோவதும் இல்லை. உடலில் நீர் இருக்கும்வரை, காற்று வீசும்வரை தொடரும். எனவே, பசைப்பொருள் பூசியதால் துணியின் நுண்துளைகள் அடைபட்டு வியர்வை ஆவியாதல் சிறிதளவு குறைந்தாலும், மெழுகால் கிட்டிய ஆதாயம் கைவிட்டுப் போகும்.

நீரைக் குடித்து நீரை உமிழும் இழை

மெழுகைக் காட்டிலும் வியப்பூட்டுவது வேறொரு வழி. பாலி என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு என்னும் நீண்ட பெயருடைய பலபடிப் பொருள் ஒன்று உண்டு. வேதியியலார் சுருக்கமாகப் பினிபாம் என்பர். நாமறிந்த பொருள்கள் பலவும் சூடேற்றினால் நீரில் நன்கு கரையும். இதுவோ நேர்மாறு. சுமார் 32 டிகிரிக்குக் கீழ் நீரை ஈர்த்து உப்பி நிற்கும். அதற்கு மேல் நீரை உதறிவிட்டுச் சுருங்கும். தோலின் வெப்பநிலைக்கு மிக அருகில் இம்மாற்றம் நிகழ்வதே மருத்துவத் துறையினரின் ஆர்வத்தைத் தூண்டியது.

பருத்தி இழை செல்லுலோசால் ஆனது. அதன் மேற்பரப்பெங்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்துள்ளன. நீர் பருத்தியில் ஒட்டிக்கொள்வது அவற்றால்தான். அவற்றையே பிடிமானமாகக் கொண்டு பினிபாம் சங்கிலிகளை இழையின் மீது முளைக்கச் செய்யலாம். வயலில் நாற்று நடுவது போன்றது இது; பசையால் ஒட்டப்படாமல் வேதிப்பிணைப்பால் நிற்பதால் சலவையில் எளிதில் உதிராது. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகமும் இணைந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு செய்த பருத்தி மூடுபனி நிறைந்த காற்றிலிருந்து தன் எடையில் 340 விழுக்காடு வரை நீரை ஏற்றது. எதுவும் செய்யாத பருத்தி ஏற்றது 18 விழுக்காடு மட்டுமே. 34 டிகிரிக்கு மேல் சூடேறியதும் அப்பருத்தி தான் ஏற்ற நீரைத் தானே வெளிவிட்டது. பாலைநிலங்களில் நீர் சேகரிப்பதே அவ்வாய்வாளர்கள் முதலில் கருதிய பயன்.

உடைக்கு இதனால் ஆவது என்ன? தோல் சூடாக இருக்கும்போது சங்கிலிகள் சுருங்கி இழைகளுக்கிடையே வழி திறக்கும். நீராவி எளிதில் வெளியேறும். குளிரும்போது உப்பி வழியை அடைக்கும். முற்கூறிய கணக்கின்படி பார்த்தால், வெப்பத்தை ஒளித்து வைக்கும் துணியைவிட, ஆவியாதலுக்குக் கதவு திறக்கும் இத்துணியே நம் பருவநிலைக்கு ஏற்ற பாதை என்று தோன்றுகின்றது. ஆயினும் இது பெரிதும் ஆய்வுக்கூட நிலையிலேயே உள்ளது. பினிபாம் செய்யப் பயன்படும் மூலப்பொருள் நச்சுத்தன்மை உடையது. அது துணியில் துளியும் எஞ்சாதவாறு கழுவி நீக்கப்பட்டுள்ளதா என்பது உறுதி செய்யப்பட வேண்டும். இதே பொருளை மருத்துவம் வேறோர் இடத்தில் முன்பே பயன்கொண்டுள்ளது என்பதையும் இங்குச் சொல்லத் தோன்றுகின்றது. ஜப்பானில் தெருவோ ஒகானோவின் குழுவினர் செல் வளர்க்கும் தட்டுகளில் இதனைப் படியச் செய்தனர். 37 டிகிரியில் செல்கள் தட்டில் ஒட்டி வளரும். தட்டைச் சற்றுக் குளிரவைத்தால், கிழியாமல் ஒரு தாள்போல உரிந்து வரும்.

நிறம் மாறும் துணி

வெப்பத்தால் நிறம் மாறும் சாயங்களும் உண்டு. 1991-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சார்ந்த ஜெனரா நிறுவனம் ஹைப்பர்கலர் என்னும் பெயரில் விற்ற பருத்திச் சட்டைகள், கை பட்ட இடத்தில் நிறம் மாறிப் புகழ்பெற்றன. சூடான நீரில் துவைத்ததும் அத்திறனை இழந்தன. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நிறம் மாறிக் காட்டும் உடைகள் என்னும் எண்ணமும் இவ்வகையைச் சார்ந்ததே.

இதில் பெற்றோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். காய்ச்சல் ஏறத் தொடங்கும் வேளையில் மூளையின் ஹைபோதலாமஸ் உடலின் வெப்ப இலக்கை உயர்த்துகின்றது. அவ்விலக்கை எட்டுவதற்காக உடல் வெப்பத்தைச் சேமிக்க முயல்கின்றது. தோலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கையும் காலும் சில்லிட்டு, நடுக்கம் தோன்றுகின்றது. உட்பகுதி கொதிக்க, தோல் குளிர்ந்திருக்கும் அந்நேரத்தில் தோலின் மேலுள்ள துணி 'காய்ச்சல் இல்லை' என்றே காட்டும். வெப்பமானி ஒன்றையே நம்புங்கள். நடுக்கம் கண்டு கம்பளியால் இறுகப் போர்த்துவதும், சூடு கண்டு உடைகள் அனைத்தையும் களைவதும் ஆகிய இரண்டும் தவறு. மெல்லிய பருத்தி உடை ஒன்று போதும். 3 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காணப்பட்டால் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும்.

மருத்துவமனை வார்டுகளில் இத்துணிகள் காணப்படாததற்கு மற்றொரு காரணம் சலவை. நோய்க்கிருமிகளை அழிப்பதற்காக மருத்துவமனைத் துணிகள் 71 டிகிரி சூட்டு நீரில் 25 நிமிடம் வரை துவைக்கப்படும் வழக்கம் உண்டு. இச்சூட்டிலும் உருளைகளின் அழுத்தத்திலும் நுண்ணுறைகள் உடையலாம், சாயம் கெடலாம். நுண்ணுறையின் ஓடு மெலமைன்-ஃபார்மால்டிஹைடால் ஆனதாயின், எஞ்சிய ஃபார்மால்டிஹைடு தோலை உறுத்தலாம். தோலில் படும் துணிக்கு ஒரு கிலோவுக்கு 75 மில்லிகிராம் என்பது ஓக்கோ-டெக்ஸ் 100 சான்றின் மேல்வரம்பு. குழந்தை உடைக்கு வரம்பு இதனினும் மிகக் கடுமையானது. வாங்க முற்படுவோர் சான்றையும், எத்தனை சலவைக்குத் தாங்கும் என்பதையும், எத்தனை டிகிரியில் உருகும் மெழுகு என்பதையும் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு விடை கூற இயலாத கடைக்காரரிடம் வாங்காதிருப்பது நன்று. மருத்துவத் துணிகளுக்கான சோதனைக் கூடம் நம் மாநிலத்திலேயே, கோயம்புத்தூரில் சிட்ரா என்று அறியப்படும் தென்னிந்திய நெசவு ஆராய்ச்சி நிறுவனத்தில் இயங்கி வருகின்றது.

பழைய வேட்டியின் அறிவு

எதுவும் பூசாத பருத்தியே ஈரத்தை உணரும் துணி. மிதமான ஈரப்பதமுள்ள காற்றில் அது தன் எடையில் சுமார் 8 விழுக்காடு நீரை ஏற்று வைத்திருக்கும்; பாலியெஸ்டர் ஏற்பது அரை விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த இயல்பு முழுதாகப் பயன்பட வேண்டுமாயின் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். புதிய துணியின் பாவு நூலில் நெசவுக்காக ஏற்றிய கஞ்சி இருக்கும். அது நீரை உறிஞ்ச விடாது. நோயாளிக்கென வாங்கிய புதுத் துண்டையும் விரிப்பையும் இரண்டு மூன்று முறை துவைத்த பின்னரே பயன்படுத்துங்கள். பிறந்த குழந்தைக்குப் பழைய வேட்டியையும் பழைய சேலையையும் கிழித்து வைக்கும் நம் பாட்டிமார் இதனை நன்கு அறிந்திருந்தனர். துணியை மென்மையாக்கும் திரவங்களும் இழையின் மீது எண்ணெய்ப் படலம் போலப் படிந்து உறிஞ்சும் திறனைக் குறைக்கும். அவற்றை நோயாளியின் துணிக்குத் தவிர்க்கலாம்.

பருத்திக்குக் குறையும் உண்டு. நனைந்தால் அது மெல்லவே உலரும். படுத்த படுக்கையாக இருப்பவரின் முதுகுக்கடியில் ஈரத்துணி கிடந்தால் தோல் ஊறிப் படுக்கைப்புண் தோன்ற வழியாகும். குளிரூட்டிய அறையில் வியர்வையில் நனைந்த பனியனுடன் இருப்பவருக்கு, அதே ஆவியாதல் வேண்டாத குளிரைத் தரும். ஈரம் கண்டவுடன் மாற்றுவதற்காகக் கூடுதலாக நான்கு மெல்லிய பருத்தி விரிப்புகளை வாங்கி வைப்பது, மெழுகு விரிப்பு ஒன்றை வாங்குவதைவிடச் சிறந்த செலவு. நீரிழிவால் கால் உணர்ச்சி குன்றியவர்கள் மின்சாரத்தால் சூடேறும் போர்வையையும் காலுறையையும் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தவே கூடாது. சுடுவது அவர்களுக்குத் தெரியாது.

மெழுகு வெல்லும் இடம்

வளர்ந்தவருக்குத் தோற்ற கணக்கு, பச்சிளங்குழந்தைக்கு வெல்கின்றது. 2 கிலோ எடையுள்ள சிசுவின் உடல் உண்டாக்கும் வெப்பம் நொடிக்குச் சில ஜூல்கள் மட்டுமே. எடையோடு ஒப்பிட அதன் தோற்பரப்பு மிகுதி, கொழுப்பு குறைவு, நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. உடல் வெப்பநிலை 36.5 டிகிரிக்குக் கீழிறங்கினாலே குளிர்ந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் கணிக்கின்றது. இத்தகைய சிறு உடலுக்கு மெழுகு தரும் வெப்பம் பெரிய உதவி.

2007-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் குழுவொன்று பாடப் பயிற்சியாகத் தொடங்கிய முயற்சி, எம்பிரேஸ் என்னும் சிசு வெப்பப் பையாக வளர்ந்து இந்தியாவிலும் பயன்பாட்டுக்கு வந்தது. சிறு உறக்கப் பையின் முதுகுப்புறத்தில் மெழுகு நிரப்பிய தனிப்பை ஒன்று செருகப்படும். அதனை முதலில் சூடேற்றி உருக்குவர். பின்னர் அது மெல்ல உறைந்துகொண்டே சில மணி நேரம் 37 டிகிரி அளவில் நிலைத்திருக்கும். மின்சாரம் தடைபட்ட வேளையிலும், ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு எடுத்துச் செல்லும்போதும் இது உதவும். நூலில் ஒளித்த சில கிராம் மெழுகு போதாது என்பதால், தனிப்பையாகவே வைத்தனர் என்பதைக் கவனிக்க.

இப்பையும் தாயின் மார்புக்கு ஈடாகாது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கிய கங்காரு முறைப் பராமரிப்பில், ஆடையற்ற சிசுவைத் தாயின் மார்போடு தோலுடன் தோல் படுமாறு அணைத்துத் துணியால் கட்டி வைப்பர். தந்தையும் பாட்டியும்கூட இதனைச் செய்யலாம். தொப்பியும் காலுறையும் அணிவித்து, மேலே பழைய பருத்திச் சேலையால் சுற்றுங்கள். சிசுவின் மூக்கும் வாயும் துணியால் மூடப்படாமல் இருக்க வேண்டும். இவ்வாறு அணைத்தும் பாதங்கள் சில்லென்றே இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, அக்குளில் வைத்த வெப்பமானி 36.5-க்குக் கீழ் காட்டினாலோ, அணைத்த நிலையிலேயே குழந்தையைப் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு எடுத்து வாருங்கள்.